மேமியோவில் காயாத துணி

ரங்கூனில் பிறந்து வளர்ந்தவனுக்கு மழையைப் பற்றி பர்மாவின் மலை ஊரான மேமியோவின் ஆட்கள் புதிதாக என்ன கற்பித்துவிட முடியும் என்ற மிதப்போடுதான் இந்த ஆடி மாதத்தில் மனைவியுடன் மலையேறினேன். மூன்று இரவுகள் தங்கிவிட்டு, ஒரு ஜோடி உலர்ந்த காலுறைகூட மிஞ்சாமல் நேற்றுதான் வீடு திரும்பினேன். போக்குவரத்து, தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதித் தரும்படி மச்சான் கேட்டிருக்கிறார், முடிந்தவரை முயல்கிறேன்.

பெயர்ப்பலகைகளில் பின் ஊ லுவின் என்று இருந்தாலும் நம் வீடுகளில் இன்றும் அது மேமியோதான். மே என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியின் பெயரோடு, ஊர் என்று பொருள்படும் 'மியோ' சேர்ந்து வந்த பெயர் அது. கோடை வெக்கை தாங்காமல் வெள்ளைக்கார அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு ஏறிய ஊர் என்பதால், போவதென்றால் சித்திரையில்தான் போக வேண்டும் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்த மாதத்து அறை வாடகை எங்கள் வசதிக்கு எட்டாது. ஆடியில் நாமும் கல்யாணம் வைப்பதில்லை, வாஸோ என்ற பௌத்த மழைக்கால நோன்பு தொடங்கிவிடுவதால் பர்மியரும் வைப்பதில்லை. விடுதிகள் காற்றாடிக் கிடக்கின்றன. எங்கள் விடுதியில் கோடையில் வாங்குவதில் ஏறக்குறையப் பாதிதான் கேட்டார்கள் என்பதால், மழையை நான் பெரிதாக எண்ணவில்லை.

முழங்கால் தண்ணீரில் நடந்து ரங்கூனில் இரவுப் பேருந்தைப் பிடித்தோம். விடிந்து மந்தலையில் (மாண்டலே) இறங்கினால் முகத்தில் புழுதிக் காற்று அடித்தது. தென்மேற்குப் பருவக்காற்று வங்கக் கடலிலிருந்து சுமந்து வரும் ஈரத்தை அரக்கான் மலைத்தொடர் தன் மேற்குச் சரிவிலேயே கறந்துவிடுவதால், நடு பர்மாவுக்கு மிச்சம்மீதிதான் வந்து சேர்கிறது. ஆண்டுக்குச் சுமார் 2700 மில்லிமீட்டர் மழை ரங்கூனில் பெய்ய, மந்தலைக்கு 900கூடத் தேறுவதில்லை. அதிலும் ஜூலையில் அங்கே மழை குறைந்து காற்றுதான் மிகுதியாக வீசும். மேமியோவுக்கு ஏறக்குறைய 1500 என்று படித்திருந்தேன். ரங்கூன் மழையில் பாதிதானே என்று குடையைக்கூட ஒன்றுதான் எடுத்துச் சென்றோம். நான் செய்த முதல் முட்டாள்தனம் அது.

மந்தலையிலிருந்து 67 கிலோமீட்டர். ஐந்து பேர்தான் என்று சொல்லிக் காசு வாங்கிய வாடகைக் காரில் கடைசியில் ஏழு பேரை அடைத்தார்கள். என் மடியில் யாருடையதோ வெங்காய மூட்டை. இருபத்தொன்றாம் மைலில், ஏற்றத்தில் கொதித்துப்போன வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது, கீழே மந்தலைச் சமவெளி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு மேலே சாலை ஒரு வெள்ளைச் சுவருக்குள் நுழைந்து மறைந்தது. மூடுபனி என்று நினைத்தேன்; மேகம் என்றார் ஓட்டுநர். சமவெளியிலிருந்து வரும் ஈரக்காற்று ஷான் பீடபூமியின் விளிம்பில் முட்டி, மேலேறிக் குளிர்ந்து, அந்த உயரத்திலேயே மேகமாகிவிடுகிறது; ஊர் 1000 மீட்டருக்கு மேல் இருப்பதால், அந்த மேகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இதுதான் எனக்குத் தெரியாமல் போன விஷயம். ரங்கூன் மழை ஆளை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விடும். அரை மணி வெயில் அடித்தால் துணி மொடமொடவென்று காய்ந்துவிடும். மேமியோ மழைக்குப் பெய்கிற அவசரமும் இல்லை, நிற்கிற எண்ணமும் இல்லை. பொடித் தூறலாகக் காற்றில் தொங்கிக்கொண்டு, குடைக்குக் கீழேயும் வந்து நனைக்கிறது. குளிரில் எதுவும் ஆவியாகிப் போவதுமில்லை. அளவில் பாதி, ஈரத்தில் இருமடங்கு. முதல் நாள் துவைத்துப் போட்ட சட்டை மூன்றாம் நாளும் சொட்டியது. தலையணையில் ஈர வாடை. உப்புச் சீசா கல்லாகியிருந்தது.

இந்த மழையை நம்பிப் பிழைப்பவர்களில் குதிரைவண்டிக்காரர் ஒருவரிடம் நன்றாக மாட்டினோம். ஊர் நடுவிலுள்ள பர்செல் மணிக்கூண்டிலிருந்து விடுதிக்கு 8,000 சாட் (பர்மியப் பணம்) என்று பேசித்தான் ஏறினோம். வண்ணம் பூசிய அந்தப் பெட்டிவண்டி பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் குதிரைக்குப் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் விரிப்பு வண்டிக் கூரைக்கு இல்லாததால், குதிரை நனையாமல் வர நாங்கள் நனைந்துகொண்டு போனோம். இறங்கும்போது கேட்டது 20,000. மழையில் குதிரை வழுக்குமாம், அதற்குத் தனியாம், ஆளுக்குத் தனியாம். என் மனைவி பர்மியத்தில் பேரம் பேசினால் ரங்கூன் சந்தையே அடங்கும். அவள் பேசியும் 15,000 அழ வேண்டியிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் மறுநாள் காலையில் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ஷான் இனப் பாட்டியம்மாள் கடையில் குடித்த சூடான தோஹூவுக்காக அந்த 15,000த்தையும் மன்னித்துவிடலாம். கடலை மாவைக் கரைத்துக் கிண்டிய மஞ்சள் கூழ். அது உறைவதற்குள் அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றி, வேர்க்கடலைப் பொடியும் மிளகாய் எண்ணெயும் தூவிக் கொடுத்தார். ரங்கூன் காளியம்மன் கோயிலில் வரிசையில் நின்று வாங்கிய ஆடிக்கூழ் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நம்புகிறேன். வெளியே தெருவே தெரியாத மேகம். உள்ளே கிண்ணத்தைப் பிடித்திருந்த விரல்களுக்கு இரண்டு நாளில் முதல் முறையாகச் சூடு ஏறியது. இரண்டாவது கிண்ணமும் வாங்கினேன். மூன்றாவதற்கு மனைவி முறைத்தாள்.

அனிசக்கான் அருவிக்கு இறங்கும் பாதை வழுக்கும் என்று தடுத்துவிட்டார்கள். கண்டாஜி தாவரவியல் பூங்கா 400 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கியும் ஏரி நடுவிலுள்ள சிறிய புத்த பகோடா ஒரு மணி நேரம் கண்ணில் படவில்லை. பிறகு மேகம் ஒரு நிமிடம் விலகி, பொன் உச்சி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்து மறைந்தது. வெயிலில் முழுதாகப் பார்த்திருந்தால் இவ்வளவு பிடித்திருக்காது.

கடைசி மாலையில், ஊரோடு தங்கிவிட்ட மனைவியின் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். அடுக்களையில் விறகடுப்புக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. அதில் குடும்பத்தின் துணி முழுவதும் புகை பிடித்துத் தொங்கியது. "ஆடி மாசத்துல இங்க யாராவது துணி துவைப்பாங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, எங்கள் ஈர மூட்டையை வாங்கி அவரே கயிற்றில் போட்டார். பிறகு தாம் கையால் பின்னி விற்கும் கம்பளிச் சட்டைகளில் ஒன்றை எடுத்து என் மேல் மாட்டி, காசு வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும் காரில், இம்முறை ஐந்தே பேர். இன்னும் ஈரம் போகாத துண்டைச் சன்னல் கண்ணாடியில் கவ்வவிட்டு வெளியே பறக்கவிட்டேன். இருபத்தொன்றாம் மைலில் மேகத்தை விட்டு இறங்கினோம். மந்தலை வருவதற்குள் துண்டு காய்ந்துவிட்டது. உள்ளே இழுத்து, கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு, கழுத்து வேர்வையை அந்தத் துண்டிலேயே துடைத்துக்கொண்டேன்.