கஞ்சி குடிக்கலாமா தம்பி?

மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர்களோடு வார்டு ரவுண்ட்ஸ். தயமின் குறைந்தால் பெரிபெரி, நியாசின் குறைந்தால் பெல்லாக்ரா என்று வைட்டமின் குறைபாட்டு நோய்களை மூச்சுவிடாமல் ஒப்பித்த பையன், சர்க்கரை நோய்க்காகச் சேர்ந்திருந்த அம்மா ஒருவர் "கஞ்சி குடிக்கலாமா தம்பி?" என்று கேட்டதும் என் முகத்தைப் பார்க்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த வகுப்புக்குச் சமையலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு போனேன். 100 கிராம் அரிசி, ஏறக்குறைய 350 கலோரி. அதை வடித்தால் எவ்வளவு சோறு, மெஸ்ஸில் ஒரு வேளைக்கு இவர்கள் போட்டுக்கொள்வது எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்ததில் பாதிப் பேர் வாயடைத்துப் போனார்கள். அப்புறம் இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, எதோடு விழுங்குகிறார்கள் என்று நோயாளியிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட 17 உணவு வழிகாட்டுதல்களையும் படிக்கச் சொன்னேன்.

"பரீட்சைக்கு வருமா மேடம்?"