பொட்டு ஒன்றரைச் சுற்று போன அன்று

மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எல்லா ஷிப்டும் சேர்த்து 38 பேர். காகிதத்தில் எங்கள் மேல் ஒரு குறை சொல்ல முடியாது. அப்போதிருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி போதுமாக இருந்தது, வைத்திருந்தோம். பாதுகாப்பு அதிகாரி அந்தச் சட்டத்தில் பொதுவாக 1000 பேர் இருந்தால்தான் கட்டாயம் என்று இருந்தது. அந்தப் பேச்சே இல்லை. மிக்ஸிங் மில்லில் அவசரத்துக்கு நிறுத்தும் ட்ரிப் கம்பியும் இருந்தது.

மில் என்றால், எதிரெதிரே உள்நோக்கிச் சுற்றும் இரண்டு இரும்பு உருளைகள். நடுவே ரப்பரைப் போட்டு, கரித்தூளும் கந்தகமும் சேர்த்துப் பிசைய வேண்டும். பரோட்டா மாவு மாதிரிதான், ஆனால் இந்த மாவு கையையும் சேர்த்து இழுக்கும்.

2019 ஆயுத பூஜை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. மில்லில் நின்ற அண்ணனின் கையுறை நுனி ரப்பரோடு ஒட்டி உள்ளே போனது. கொஞ்சம் பெரிய சைஸ் கையுறை, அதனால் கையை உருவிவிட்டார். பக்கத்தில் இருந்த தம்பி கம்பியைத் தட்டினான். மோட்டார் அணைந்தது. ஆனால் உருளையின் ஓரத்தில் பூஜைக்கு வைத்த குங்குமப் பொட்டு என் கண் முன்னே மேலே வந்தது, கீழே போனது, மறுபடி மேலே வந்து இறங்கி, அப்புறம்தான் நின்றது. ஒன்றரைச் சுற்று. கை உள்ளே இருந்திருந்தால் முழங்கையைத் தாண்டிப் போயிருக்கும்.

மோட்டார் அணைந்ததும் உருளையைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கின் லைனிங் தேய்ந்திருந்தது. முதலாளியிடம் சொன்னேன். "மோட்டார் நிக்குதுல்லப்பா?" என்றார். வாதாடவில்லை. காலி உருளையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, "நீங்களே ஒரு தட்டு தட்டுங்க முதலாளி" என்றேன். தட்டினார். கோடு சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தவர் ஒன்றும் பேசாமல் ஆபீசுக்குள் போய்விட்டார். மறுநாள் லைனிங் மாற்ற ஆள் வந்தது.

அதிலிருந்து அந்தக் கோடே எங்கள் சோதனை ஆகிவிட்டது. ஷிப்ட் தொடங்கும்போது காலி உருளையில் கோடு, ஒரு தட்டு. ஒரு சாணுக்கு மேல் ஓடினால் அன்று மில் கிடையாது. இரண்டு நிமிட வேலைதான். மேலே கை நீட்டித் தட்ட வேண்டியிருந்த கம்பியோடு, இடுப்புக்கு நேரே இன்னொன்றும் போட்டோம். ஒரு கை மாட்டிக்கொண்டவன் உடம்பால் சாய்ந்தாலே நின்றுவிடும். ஓடும் உருளை அருகே கையுறை கூடாது, ஷீட்டை அடுக்கும்போது மட்டும் போடலாம் என்றும் வைத்தோம். பாதுகாப்புக்கு என்று கொடுத்த பொருளே கையை இழுத்துப் போயிருக்கும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

கஷ்டம் எல்லாம் நோட்டில்தான். அடிபடாமல் தப்பித்த சம்பவங்களை எழுத ஒரு நோட்டு வைத்தேன். "தப்பிச்ச நோட்டு" என்று பேரும் வைத்துவிட்டார்கள். மூன்று வாரம் ஒரு வரி விழவில்லை. எழுதினால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். முன்பு பிடித்தும் இருக்கிறார்கள், பயம் பொய்யில்லை. கடைசியில் நானே முதல் வரி எழுதினேன்: கழுத்தில் ஐடி கார்டு கயிறு தொங்க மில்லில் குனிந்தேன். தேதி, கையெழுத்து. முதலாளி அதைப் படித்துச் சிரித்ததை எல்லோரும் பார்த்தார்கள். அந்த வாரமே நான்கு பேர் எழுதினார்கள்.

அதில் ஒன்று எடை போடும் அக்கா எழுதியது: "மாஸ்க் போட்டா வெக்கையில மூச்சு முட்டுது, கழட்டிட்டுத்தான் கரித்தூள் அள்ளுறேன்." நான் அதுவரை மாஸ்க் போடச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தவன். இப்போது தூளைக் கொஞ்சச் சூட்டிலேயே உருகும் பைகளில் வாங்குகிறோம்; பையோடு அப்படியே மில்லில் போட்டால் அதுவும் ரப்பரோடு கலந்துவிடும். விலை கூடத்தான். முதலாளி இன்றும் பில்லைப் பார்த்தால் முகம் சுளிப்பார்.

லாரியில் லோடு இறக்க வருகிறவர்கள் விஷயம்தான் இன்னும் சரியாகவில்லை. தினமும் வேறு ஆட்கள், எல்லோரும் செருப்புக் காலோடு. பத்து ஜோடி ஷூ வாங்கி வாசலில் வைத்தேன். யாருக்கும் அளவு சேரவில்லை, அப்படியே கிடக்கிறது.