இடுப்பில் தூக்காத மூன்று வாரம்

என் மகனுக்கு இரண்டே கால் வயதில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. வலது பக்கத் தொடை இடுக்கில், அழும்போதும் முக்கும்போதும் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு வரும். தூங்கினால் காணாமல் போகும். "அழ விட்டு அழ விட்டுத்தான் குடல் இறங்கிடுச்சு" என்று அத்தை சொல்லச் சொல்ல நான் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன். டாக்டர்தான் சீட்டில் படம் போட்டுக் காட்டினார். விரை வயிற்றிலிருந்து விரைப்பைக்குள் இறங்கி வரும் வழி தானாக மூடிக்கொள்ள வேண்டும், இவனுக்கு மூடவில்லை. அழுகை அதை வெளியே காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். அந்தச் சீட்டை அத்தை கண்ணில் படுகிற மாதிரி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

பெரியவர்களுக்கு ஆபரேஷனில் உள்ளே தாங்கலாக வைக்கிற வலை குழந்தைகளுக்குத் தேவையில்லையாம். அந்த வழியைக் கட்டி மூடுவதோடு சரி. காலையில் போனோம், சாயங்காலம் வீட்டில் இருந்தோம்.

வீட்டில் முதல் சோதனை மருந்து பாட்டில். பாராசிட்டமால் சிரப் ஏற்கெனவே அலமாரியில் இருந்தது. 5 மில்லியில் 125 மில்லிகிராம். ஆஸ்பத்திரியில் கொடுத்தது 5 மில்லிக்கு 250. இரண்டும் ஒரே நிறம். 12 கிலோ எடைக்கு 250-இல் மூன்றரை மில்லி என்று எழுதியிருந்தார்கள். பழைய பாட்டிலின் பழக்கத்தில் என் கணவர் ஏழு மில்லி ஊற்றிவிட்டார். வாயருகே கொண்டுபோகும்போதுதான் லேபிளைப் பார்த்தேன். பழைய பாட்டில் அன்றைக்கே குப்பைக்குப் போனது.

மூன்றாம் நாள் காலை விரைப்பை ஒரு பக்கம் வீங்கி நீலம் பாரித்திருந்தது. திரும்ப இறங்கிவிட்டது என்றே நினைத்து, கை நடுங்க ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். போனை எடுத்த நர்ஸ் நிதானமாகக் கேட்டார்: காய்ச்சல் இருக்கா? வாந்தி? தையல் பக்கம் சிவந்து சீழ் வருதா? தொட்டா வீறிட்டு அழுறானா? எதுவும் இல்லை. அவன் பப்பாளி தின்றுகொண்டிருந்தான். "வீக்கம் வரும்மா, கொஞ்ச நாள்ல தானா வடியும். இதுல ஏதாவது வந்தா உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். இதை டிஸ்சார்ஜ் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வீக்கம் வடியப் பத்து நாளானது.

பப்பாளியும் ஊறவைத்த உலர் திராட்சையும் அத்தையின் ஏற்பாடு, முக்காமல் வெளிக்குப் போகட்டும் என்று. அதில் அவர் கெட்டிக்காரர். தையலில் மஞ்சள் பத்துப் போட மட்டும் நான் விடவில்லை. ஐந்து நாள் வாக்குவாதம்.

ஆனால் நிஜமான கஷ்டம் வேறு. மூன்று வாரத்துக்குக் காலை அகட்டி உட்காரும் எதுவும் கூடாது என்றார்கள். மூன்று சக்கர சைக்கிள் பரணுக்குப் போனது. இடுப்பில் தூக்கி வைப்பதும் அதே கணக்குதான் என்று நர்ஸ் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. அடுப்பு வேலை, துணி காயப்போடுவது, வாசலில் காய்காரரிடம் பேரம் என்று எல்லாவற்றுக்கும் அவன் இருப்பிடம் என் இடது இடுப்புதான். ஒரு கையைக் கழுத்துக்கடியிலும் இன்னொன்றைத் தொடைக்கடியிலும் கொடுத்துப் பச்சைக்குழந்தை மாதிரி ஏந்தினால் நெளிந்து வழுக்கினான். சமையல் முழுக்க என் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். இரண்டு முறை ரசம் பொங்கி வழிந்தது.

இருபத்திரண்டாம் நாள் சைக்கிளை இறக்கித் துடைத்து முன்னால் வைத்தோம். ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே அடுப்படிக்கு வந்து இரண்டு கையையும் தூக்கினான்.