26ஏஎஸ்-ஐ முதலில் திறவுங்கள்

கோவையில் வீட்டிலிருந்தபடியே ஸ்ட்ரக்சுரல் டிராயிங் போட்டுக் கொடுக்கும் சிவில் இன்ஜினியர் நான். சம்பளக்காரர்களுக்கு வரி பிடித்ததற்கான சான்றாகக் கம்பெனியே படிவம் 16 கொடுத்துவிடும். பில் போட்டுச் சம்பாதிக்கும் நமக்கு, வரி பிடிக்கும் ஒவ்வொரு கிளையண்டும் காலாண்டுக்கு ஒரு 16ஏ சான்று தரவேண்டும். பலர் கேட்டால்தான் தருவார்கள். அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: வருமான வரி ரிட்டர்ன் வேலையை, வருமான வரித் துறை தளத்தில் கிடைக்கும் 26ஏஎஸ் என்ற அறிக்கையில் இருந்து தொடங்குங்கள்.

நம் பான் எண்ணில் யார் எவ்வளவு டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்துக் கட்டினார்கள் என்பது அதில் வரிசையாக இருக்கும். 80,000 ரூபாய்க்கு பில் கொடுக்கிறேன், கிளையண்ட் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு 72,000 அனுப்புகிறார் என்று வையுங்கள். பாஸ்புக்கில் 72,000 இருக்கும். 26ஏஎஸ்-இல் தொகை 80,000, பிடித்தம் 8,000, பிரிவு 194ஜே (தொழில்முறைக் கட்டணத்துக்கானது) என்று இருக்கும். ரிட்டர்னில் வரவாகக் காட்டவேண்டியது 80,000. பாஸ்புக்கைப் பார்த்துக் கூட்டினால் கணக்கு உதைக்கும்.

அதே பதிவில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டிய பணமும் தாக்கல் செய்த விவரமும் பொருந்திவிட்டது என்று அர்த்தம். 'யு' என்றிருந்தால் பொருந்தவில்லை. கிளையண்டின் அக்கவுண்ட்ஸ் ஆளை உடனே பிடியுங்கள். பதிவே காணோம் என்றாலும் அப்படித்தான். ஒரு நிறுவனம் என் பான் எண்ணில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டிருந்தது. அவர்கள் திருத்த அறிக்கை தாக்கல் செய்த பிறகே அந்தப் பணம் என் கணக்கில் ஏறியது.

அப்புறம், எந்த ரிட்டர்ன்? இன்ஜினியர், டாக்டர், வக்கீல், ஆடிட்டர் போன்ற தொழில்களுக்கு, வரவில் ஒரு பங்கையே லாபமாக எடுத்துக்கொள்ளும் 44ஏடிஏ பிரிவு இருக்கிறது. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் (ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம்) இருந்தால், அதில் குறைந்தது பாதியை லாபமாகக் காட்டினால் போதும். செலவு பில்களை அடுக்கிவைக்க வேண்டாம். 2025-26-இல் வரவு 12 லட்சம் என்றால் வருமானம் 6 லட்சம். புதிய வரிமுறையில் வரி பூஜ்யம். பிடித்த டிடிஎஸ் முழுவதும் ரீஃபண்டாக வரும். ரிட்டர்ன் போடாமல் விட்டால் அந்தப் பணம் அங்கேயே கிடக்கும். இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவ்வளவு பேர் விட்டுவிடுகிறார்கள்.

என் தங்கை தையல் கடை வைத்திருக்கிறாள். அவளுக்கு, சிறு வியாபாரங்களுக்கான அதே மாதிரிப் பிரிவான 44ஏடி. ஜிபேயில் வந்ததற்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் குறைந்தபட்ச லாபம். 6 லட்சம் ஜிபே, 4 லட்சம் ரொக்கம் என்றால் 68,000 ரூபாய். உண்மையில் அதற்கு மேல் லாபம் வந்திருந்தால் அதைத்தான் காட்டவேண்டும். வங்கிக் கடன் கேட்கப் போகும்போது அந்த ரிட்டர்ன்தான் பேசும்.

எங்கள் இருவருக்கும் ரிட்டர்ன் படிவம் ஐடிஆர்-4, அதாவது 'சுகம்'. பங்கு விற்றுக் குறுகிய கால லாபம் பார்த்திருந்தால் ஐடிஆர்-3-க்குப் போகவேண்டும்.

நம்மைப் போலத் தொழில் வருமானம் உள்ளவர்களில் பழைய வரிமுறைதான் வேண்டும் என்பவர்கள் கெடு தேதிக்குள் 10-ஐஇஏ படிவம் போட்டாகவேண்டும். அப்படிப் போய்ப் புதியதற்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போகமுடியாது. ஆடிட்டரிடம் கேட்டுவிட்டே போடுங்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனால் 2025-26 வருமானத்துக்கான ரிட்டர்ன் 1961 சட்டப்படிதான். நான் சொன்ன எண்கள் அதற்கு அப்படியே பொருந்தும்.