பூட்டியின் பொருட்பட்டியல்

அம்மம்மாவின் வேதப்புத்தகத்து முதல் தாளில் ஆண்களுக்குத்தான் முழுப்பெயர். பெண்கள் இன்னாருடைய மகள், இன்னாருடைய பெண்சாதி, அதோடு சரி. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்துக் கொழும்புச் செட்டிச் சமூகத்துப் பூட்டி ஒருத்திக்கு மட்டும் கூடுதலாக ஒரு குறிப்பு: 'விதவை, மறுமணம், 1781'. அதை நம்பித்தான் அவளைத் தேடி மட்டக்களப்பில் கொழும்புக்கு இரவு ரயில் ஏறினேன்.

முதலில் வுல்வெண்டால் தேவாலயம். புறக்கோட்டை நெரிசலைத் தாண்டி மேட்டில் ஏறினால், 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்த சிலுவை வடிவக் கட்டடம். உள்ளே கல்லறைக் கற்கள். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து 1813இல் கொண்டுவந்தவையும் உண்டு. பெரும்பாலும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி அதிகாரிகள் குடும்பம். செட்டி வீட்டுப் பெண்ணுக்கு யார் கல் வெட்டப்போகிறார்கள்?

ஆகவே கொழும்பு 7, தேசிய சுவடிக்கூடம். அக்காலத்தில் பாடசாலை உபாத்தியாயர்தான் ஞானஸ்நானமும் கலியாணமும் தோம்பில், அதாவது பதிவேட்டில், பதிவார். பதிவு இல்லாவிட்டால் கலியாணம் செல்லாது, சொத்தில் சிக்கல் வரும். அதனால் மனதுக்குள் கத்தோலிக்கராக இருந்தவர்களும் ஒல்லாந்தத் திருச்சபையில் பெயர் கொடுத்தார்கள்.

எனக்கு ஒல்லாந்த மொழி தெரியாது. பக்கத்து மேசையில் ஆராய்ச்சிக்கு வந்திருந்த கொழும்புத் தங்கச்சி உதவினாள். "புருஷன் பேர்ல தேடாதீங்க அக்கா. அவங்க பொம்பளைங்கள அப்பா பேரோடதான் எழுதுவாங்க."

அப்படித்தான் கிடைத்தாள். விதவை மறுமணம் செய்யுமுன் முதல் கலியாணத்துப் பிள்ளைகளின் பங்கைப் பிரித்துக் காட்ட வேண்டும். அந்தக் கணக்குக்காக எழுதிய வீட்டுப் பொருட்பட்டியல் அது. குத்துவிளக்கு இரண்டு, செம்புக் குடம், துணிக் கட்டுகள், மூடியில் வெடிப்பு விட்ட பெட்டகம். பெட்டகத்துக்கு அடுத்த வரியில் இரண்டு பெண்கள், விலையோடு. அடிமைகள். வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் கூட்டினாலும் அவர்கள் விலைக்கு எட்டவில்லை.

கும்பனியின் அடிமைகளை அடைத்துவைத்த கொம்பனித்தெரு வழியாக எத்தனையோ தரம் போயிருக்கிறேன். அது வெள்ளைக்காரன் பாவம் என்றுதான் நினைப்பு. பாவப்பட்ட விதவை என்று நான் தேடி வந்தவள், கீழே கையெழுத்துக்குப் பதிலாகக் கீறல் ஒன்று போட்டிருந்தாள்.

"இவங்க ரெண்டு பேரையும் எப்படித் தேடுறது?"

"அடிமைன்னா அப்பா பேர் இருக்காது அக்கா. ஊர் பேர்தான்."

ஒருத்தியின் பெயருக்குப் பின்னால் தூத்துக்குடி என்று இருந்தது. 1658இலிருந்து ஒல்லாந்தர் பிடியில் இருந்த துறைமுகம். நம் தமிழ்ப் பிள்ளையாகவே இருக்கலாம். பூட்டியும் அவளும் அடுப்படியில் ஒரே மொழியில் பேசியிருப்பார்கள். மாமாவிடம் போனில் சொன்னேன். "அதையெல்லாம் குடும்ப மரத்தில போடாத பிள்ள" என்றார். போடத்தான் போகிறேன்.