இது என்ன காத்து, தம்பி?

கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரைக்கும் உள்ள கடலை வரைந்து பிழைக்கிறேன் என்று சொன்னால் பலரும் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கடல்ல வரையறதுக்கு என்ன இருக்கு? பாறை கிடையாது, குன்று கிடையாது, தண்ணீர் நீலமாகவும் இருக்காது. கன்னியாகுமரியில் ஒரு பாறையை வைத்துவிட்டால் படம் பாதி நின்றுவிடும். இங்கே நம் கையில் இருப்பது ஒரு நேர்கோடு, கீழே பழுப்புத் தண்ணீர், மேலே வானம். ஆனால் அந்தப் பழுப்பைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அது அழுக்கு இல்லை, வண்டல். காவிரி பூம்புகாரில் கடலைத் தொடும் இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே அது வாய்க்கால் அளவுக்குச் சுருங்கித்தான் வந்து சேர்கிறது. கோடையில் மணல் திட்டு அடைத்துக்கொண்டு அதுவும் நின்றுபோகும். வெள்ளம் முழுக்கக் கொள்ளிடத்தின் வழியாகப் போகிறது. மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறந்துவிட்ட ஆடி ஆவணியிலோ, மழை கொட்டும் ஐப்பசி கார்த்திகையிலோ பழையாறு பக்கம் போய் நின்று பாருங்கள். கடலுக்குள் ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு இந்தப் பக்கம் செங்காவி, அந்தப் பக்கம் மங்கிய பச்சை, கோட்டின் மேலேயே நுரையும் ஆகாயத்தாமரையும் மிதந்துகொண்டு போகும். எனக்கு இந்த ஊர்க் கடலில் அதைவிடப் பெரிய காட்சி எதுவும் இல்லை. குடகு மலையில் பெய்த மழையின் நிறம் வங்கக் கடலில் எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்க்கிறோம். அதே இடத்துக்குச் சித்திரையில் போனால் தண்ணீர் தெளிந்து சாம்பல் பச்சைக்கு வந்திருக்கும். அதனால் என் வண்ணத்தட்டில் அல்ட்ராமரீன் நீலத்தைவிட மண் மஞ்சளான எல்லோ ஆக்கரும் செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவும்தான் சீக்கிரம் தீரும். நீலத்தையும் சியன்னாவையும் கலந்தால் வரும் சாம்பல் நிறத்துக்குள்ளேயே நூறு படிகள் உண்டு, இந்தக் கடலின் பெரும்பகுதி அந்தப் படிகளில்தான் இருக்கிறது.

ஒரு விடுதிக்காரர் வரவேற்பறைக்குப் பெரிய படம் கேட்டார். வரைந்து கொண்டுபோனதும், தண்ணீரை நீலமாக்கி, சூரியன் கடலில் மறைகிற மாதிரி மாற்றித் தரச் சொன்னார். நாம் இருப்பது கிழக்குக் கடற்கரை, சூரியன் கடலில் உதிக்கும், வயலுக்குப் பின்னால்தான் மறையும் என்று சொல்லிப் பார்த்தேன், வருகிறவர்களுக்கு அதெல்லாம் தெரியாது என்றார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படத்தை எடுத்து வந்துவிட்டேன். அந்த மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் மாற்றித் தந்திருக்க முடியாது.

ஏன் முடியாது என்றால், என் படங்களை நான் முதலில் காட்டுவது வாங்குகிறவர்களிடம் இல்லை, கடலுக்குப் போகிறவர்களிடம். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் கோடும் நிறமும் கற்றுக்கொண்டேன், அப்புறம் ஃபிளெக்ஸ் வரும்வரை கடைப் பலகை எழுதிக் கை உறுதிப்பட்டது. அலையைக் கற்றுக்கொண்டது தரங்கம்பாடியில் ஒரு பெரியவரிடம். எந்தப் படத்தைக் காட்டினாலும் அவர் முதலில் கேட்பது, "இது என்ன காத்து, தம்பி?" ஒருமுறை காலண்டரில் இருந்த கடல் படத்தைக் காட்டிச் சொன்னார்: "தென்னமட்டையெல்லாம் கடலப் பாத்து வளையுது, அப்ப கச்சான். கச்சான் அடிக்கையில அலை இப்படி நொறுங்கி வருமா? நுரை பின்னாடியில்ல பறக்கணும்." அவர் சொன்னது அச்சு அசல் உண்மை. நிலத்திலிருந்து வீசும் கச்சான் அலையின் முகத்தைத் தாங்கிப் பிடிக்கும், அலை செங்குத்தாக எழுந்து தாமதமாக உடையும், உச்சியிலிருந்து சாரல் கடல் பக்கம் பறக்கும். கடலிலிருந்து வரும் கொண்டலில் அலை முன்னதாகவே சரிந்து, ஒழுங்கில்லாமல் உடைந்து கிடக்கும். வடக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் அலை சாய்வாக வந்து கரையில் மோதும். படத்தில் மரம், கொடி, சாரல், அடுப்புப் புகை எல்லாம் ஒரே காற்றைச் சொல்ல வேண்டும். அலை எங்கே உடைகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது, தண்ணீரின் ஆழம் ஏறக்குறைய அலையின் உயரத்துக்கு வந்துவிட்டால் உடையும். ஆகவே நுரைக் கோட்டைப் பார்த்தே அடியில் மணல் திட்டு எங்கே இருக்கிறது என்று படகு இறக்குகிறவர்கள் சொல்லிவிடுவார்கள். அவர்கள் என் படத்தைப் பார்த்து "இங்க இறக்கலாம்" என்று ஒரு இடத்தில் விரல் வைத்தால் படம் தேறிவிட்டது என்று அர்த்தம்.

உடைகிற அலையைக் கரையில் உட்கார்ந்து வரைய முடியாது, அது நிற்பதே இல்லை. கருங்கடல் கரையில் ஃபியோடோசியாவில் பிறந்து, ஆயிரக்கணக்கில் கடல் படங்கள் வரைந்த ரஷ்ய ஓவியர் ஐவசோவ்ஸ்கி (1817–1900) அறைக்குள் நினைவிலிருந்துதான் வரைந்தார். நானும் கரையில் பென்சில் குறிப்பும் நிறக் குறிப்பும் மட்டும் எடுப்பேன். காலையில் சூரியன் எதிரே இருப்பதால் தண்ணீர் வெறும் மினுக்கம், படகுகள் கறுப்பு உருவம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெயில் முதுகுப் பக்கம் வந்த பிறகுதான் வண்டலின் உண்மையான நிறம் கிடைக்கும். காற்றில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும், எண்ணெய் வண்ணத்தில் மணல் ஒட்டும், மழைக்காலத்தில் நீர்வண்ணத் தாளில் பூஞ்சை பிடிக்கும். எதை எடுத்துப் போனாலும் ஒரு தொல்லை உண்டு.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கொஞ்ச காலம் இந்தக் கரையில் கடல் படத்தை யாரும் வீட்டில் மாட்ட விரும்பவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள், யாரிடம் போய் அலையை விற்பது? நானும் வயல், வாய்க்கால் என்று வரைந்துகொண்டிருந்தேன். பிறகு வேறு விதமான வேலை தேடி வந்தது. கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிய குடியிருப்புகளுக்குப் போனவர்கள், பழைய கரையை வரைந்து தரக் கேட்டார்கள். வீடுகள் இருந்த வரிசை, புன்னை மரம், அம்மன் கோயில், ஏலம் நடந்த இடம். அவர்களிடம் போட்டோ கிடையாது, இருந்ததும் தண்ணீரோடு போயிற்று. தாளை விரித்து வைத்துக்கொண்டு அவர்கள் சொல்லச் சொல்ல வரைய வேண்டும். "கெணறு இந்தப் பக்கம் இல்ல தம்பி, எங்க வாசல்லேருந்து பாத்தா தெரியும்" என்று ஒரு அம்மா சொல்வார், பக்கத்தில் இருப்பவர் மறுப்பார், பேச்சு சட்டென்று நின்றுபோகும், அப்போது பென்சிலை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். என் வேலையிலேயே முக்கியமானதாக நான் நினைப்பது இந்தப் படங்களைத்தான். தரங்கம்பாடியில் 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையே கடல் எடுத்துக்கொண்டுவிட்டது, கல்லே அப்படியென்றால் கூரை வீட்டு வரிசைக்கு யார் சாட்சி?

இப்போது அப்படி ஒரு குப்பத்தின் படம் கையில் இருக்கிறது. கோயிலும் வடக்குத் தெருவும் முடிந்துவிட்டன. வலை காயப்போட்ட திடல் எங்கே முடிந்தது என்பதில் மட்டும் இரண்டு வீட்டார் சொல்வது ஒத்துப்போகவில்லை. ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் 61 நாளைக்கு விசைப்படகுகள் நிற்கும், ஆண்களும் ஊரில் இருப்பார்கள், அப்போது தாளை எடுத்துக்கொண்டு போய் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.