காகாசனம் வந்துவிட்டது!

இந்த சனி, ஞாயிறு எங்கும் போகவில்லை. நாலு பேரும் வீட்டிலேயே இருந்தோம். மகன் மதியம் வரை தூங்கினான், அப்புறம் எல்லாரும் சேர்ந்து புத்தக அலமாரியை அடுக்கினோம். அவ்வளவுதான். மனசு நிறைந்து இருக்கிறது.

காலையில் நிதானமாக யோகா செய்ய நேரம் கிடைத்தது. கைகளைத் தரையில் ஊன்றி, முட்டிகளை மேல்கைகளில் வைத்து உடம்பைத் தாங்கும் காகாசனத்தில் இரண்டு பாதமும் தரையை விட்டு எழும்பி, சில மூச்சு வரை அப்படியே நின்றேன்! கை பலம் மட்டும் போதாது இதற்கு. விரல்களை நன்றாக விரித்துத் தரையை அழுத்த வேண்டும், எடையைத் துணிந்து முன்னால் கொண்டுவர வேண்டும். முக்கியமாகப் பார்வை கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். தலை தொங்கினால் உடம்பும் கூடவே கவிழ்ந்துவிடும்.

மகள் பக்கத்தில், ஒற்றைக் காலில் மரம் போல நிற்கும் விருட்சாசனம் செய்தாள். பாதத்தை முழங்கால் மூட்டில் வைக்காதே, தொடையிலோ கெண்டைக்காலிலோ வை என்று மட்டும் சொன்னேன். மூட்டுக்குப் பக்கவாட்டு அழுத்தம் நல்லதில்லை. எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். எனக்கு என் காகாசனத்தைவிட அதுதான் பெரிய சந்தோஷம்.

அடுத்து பச்சிமோத்தானாசனம், அதாவது கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது. தொடையின் பின்பக்கம் இன்னும் இறுக்கமாக இருப்பதால் முட்டியை லேசாக மடக்கித்தான் குனிகிறேன். முதலில் முதுகு நீளட்டும், கால் விரலை அப்புறம் தொட்டுக்கொள்ளலாம்.